சாருமதியின் பகுதி

மாடிப்படியில் ஆள் தெரிவதற்கு முன்பே சிரிப்பு மேலே வந்துவிட்டது. பிரேமலா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தச் சிரிப்பை அவள் இரண்டு வருடமாகக் கேட்கவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரன் தீபன் எழுந்து வாசலுக்கு ஓடினான். யார் வந்தாலும் தன் கண்ணாடி அறையை விட்டு அசையாத முதலாளி ஜெயபாலன்கூட வெளியே வந்து நின்றார்.

“அலமாக், என்னா இது? முடியெல்லாம் ஒட்ட வெட்டிக்கிட்டு வந்து நிக்கிற?”

“பெரு நாட்டுல ஒரு வாளித் தண்ணிக்கே சண்டை பாஸ். இதுல முடியோட யாரு லா மல்லுக்கட்டுறது?”

எல்லாரும் சிரித்தார்கள். பிரேமலாவும் எழுந்து போய், சிரிக்க வேண்டிய அளவுக்குச் சிரித்தாள். சாருமதி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, முதுகுப்பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு கோப்பையை எடுத்துக் கொடுத்தாள். ஜார்ஜியாவில் ஒரு மலைக் கிராமத்தில் வாங்கியதாம். கைப்பிடி இல்லாத, கரு நீலக் கோப்பை.

“ஒனக்கு நீலம் புடிக்கும்ல, பிரேமா? பார்த்தவொடனே ஒன் ஞாபகம்தான்.”

பிரேமலாவுக்கு நீலம் பிடிக்கும். கோப்பையும் அழகாக இருந்தது. அசிங்கமாக இருந்திருந்தால் அன்றைய நாள் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாகப் போயிருக்கும்.

மலேசியாவில், ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவில் கார் உதிரிபாகக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அவர்களுடைய சிறிய நிறுவனம். மற்றவர்கள் எழுதிய நிரலை ஓட்டிப் பார்க்காமலேயே வரி வரியாக வாசித்து, ஓடும்போது எங்கே தப்பு நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு கருவியை அவர்கள் செய்து விற்றார்கள். அந்தக் கருவியில் மிகவும் சிக்கலான இடம் ரெஃபரன்ஸ்களைக் கையாளும் பகுதி. ரெஃபரன்ஸ் என்றால், ஏற்கெனவே ஒரு பெயர் உள்ள பெட்டிக்கு இன்னொரு பெயரும் வைப்பது. எந்தப் பெயரைச் சொல்லி உள்ளே எதைப் போட்டாலும் மாறுவது அந்த ஒரே பெட்டிதான். எந்தப் பெயர் எந்தப் பெட்டியைச் சொல்கிறது என்ற கணக்கைக் கருவி தவறவிட்டால், அதன் பிறகு அது சொல்வது எதையும் நம்ப முடியாது.

அந்தப் பகுதியை முதலில் எழுதியவள் சாருமதி. ஜொகூர் பாருவில் மூன்று கடை வைத்திருக்கும் செட்டியார் வீட்டுப் பெண். கடைக்கும் போகாமல், கல்யாணப் பேச்சுக்கும் பிடி கொடுக்காமல் இங்கே வந்து சேர்ந்தாள். எட்டே மாதத்தில் அந்தப் பகுதியைக் கட்டி முடித்துவிட்டு, திடீரென்று ஒருநாள், உலகம் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். அவள் விட்டுப் போனதை எடுத்துக்கொண்டவள் பிரேமலா.

பிரேமலா லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் பிறந்தவள். அப்பா செம்பனை ஆலையில் கொதிகலன் பார்த்தவர். அம்மா ராசம்மா பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்தாள். பிரேமலா பாரிட் ராஜாவில் பல்கலைக்கழகத்தில் கணினி படித்து முடித்த கையோடு தெப்ராவில் வாடகை அறை எடுத்தாள். இந்த முப்பத்து நான்கு வயதிலும் அதே அறைதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காடியை ஓட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவாள், ஞாயிற்றுக்கிழமை திரும்புவாள். அவள் பாஸ்போர்ட் பார்த்த ஒரே வெளிநாடு சிங்கப்பூர். போகவே முடியாது என்றில்லை. பேங்காக்குக்கு ஒருமுறை டிக்கெட்கூடப் போட்டாள். அந்த வாரம் கருவியின் புதிய பதிப்பு வெளியாக வேண்டியிருந்தது. தங்கையையும் அவள் புருஷனையும் அனுப்பிவிட்டாள்.

சாருமதி எழுதியது அழகுதான், ஆனால் அவசரத்தில் எழுதியது. பிரேமலா இரண்டு வருடத்தில் அதில் எழுபதுக்கு மேற்பட்ட பிழைகளைத் திருத்தியிருந்தாள். எந்த வரியைத் தொட்டால் எங்கே குரல் எழும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் அலுவலகத்தில் அந்த இடத்துக்குப் பெயர் மாறவில்லை. “சாருவோட பகுதியில ஒரு சின்னப் பிரச்சினை, பிரேமாக்கா” என்றுதான் தீபன் வந்து நிற்பான். ஒவ்வொரு முறையும் அவள் “பார்க்கிறேன்” என்பாள். ஒரு முறைகூட, அது யாருடைய பகுதி என்று திருப்பிக் கேட்டதில்லை.

சாருமதி வந்தது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் சிங்கப்பூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். கண்டெய்னர்களின் எடையைப் பதிவு செய்யும் நிறுவனம் அது. அங்கே பொறுப்பில் இருந்தவர் சதாசிவம். அவர்களுடைய நாலாயிரம் வரிக் கோப்பு ஒன்றைப் படிக்கக் கொடுத்தால், கருவி எதையும் சொல்லாமல் பாதியிலேயே விழுந்துவிடுகிறது. ஒரே இடம், ஒவ்வொரு முறையும். அந்தக் கோப்பு தேறியது என்று கருவி சொல்லாமல் அவர்களால் புதிய மென்பொருளை வெளியிட முடியாது.

பிரேமலா யாரும் கேட்பதற்கு முன்பே வேலையைத் தொடங்கினாள். இதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. கோப்பைப் பாதியாக வெட்டுவாள். கருவி இன்னும் விழுகிறதா என்று பார்ப்பாள். விழுந்தால் மறு பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு இதையும் பாதியாக வெட்டுவாள். விழவில்லையென்றால் வெட்டியதைத் திரும்பக் கொண்டுவந்து வேறிடத்தில் வெட்டுவாள். மதியச் சாப்பாடு முடிந்து வந்த கொஞ்ச நேரத்தில் நாலாயிரம் வரி ஆறு வரியாகிவிட்டது.

அந்த ஆறு வரியில் நடந்தது இதுதான். கண்டெய்னர் எடைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதன் ஒவ்வொரு பெட்டிக்கும் வரிசையாக ஒரே இரண்டாம் பெயரை மாட்டிக்கொண்டு போகிறார்கள். வரிசை முடிந்த பிறகும் அந்தப் பெயர் கடைசிப் பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, கழற்ற மறந்துவிட்டார்கள். பிறகு பட்டியலை வேறொரு பெயருக்கு நகலெடுத்துவிட்டு, பழைய பட்டியலை அழிக்கிறார்கள். கருவி அந்த இரண்டாம் பெயரைப் பார்த்ததும் அதன் முதல் பெயரைத் தேடிப் போகிறது. முதல் பெயர் இல்லை. விழுகிறது.

அவர்கள் அலுவலகத்தில் இப்படிக் கண்டுபிடிக்கிற ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பெயர் வைத்துச் சேமிப்பார்கள். நல்ல பெயர் யோசித்து மண்டை காய்ந்து, கடைசியில், கண்டுபிடித்த அன்று மதியம் என்ன சாப்பிட்டோமோ அதையே வைப்பது என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. ‘வாழையிலைச் சாப்பாடு-2’, ‘மேகி கோரெங்-5’, ‘வெறும் பிஸ்கட்-1’ என்ற பெயர்களில் முந்நூறுக்கு மேல் மாதிரிகள் இருந்தன. அன்று சாப்பிட்டது மீ ரெபுஸ், கெட்டிக் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ். பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்தில் அதை விற்கும் வேன் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் நிற்கும். பிரேமலா யோசிக்காமல் அந்தப் பெயரைத் தட்டிவிட்டு, சொல்வதற்காக எழுந்தாள்.

ஜெயபாலனின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சாருமதி அவருடைய மேசையின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிரேமலாவுக்கு அந்த மேசையில் கைப்பையை வைக்கக்கூடத் தயக்கம்.

“ஒன்னோட பகுதிதான சாரு, நீயே பாரு. நல்ல நேரத்துக்கு வந்த” என்றார் ஜெயபாலன். “வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் வாங்கிட்டேன். அப்பறம் அந்தப் பகுதி இனிமே யார் கையில இருக்கணும்னு முடிவு பண்ணிடுவோம். நீ இருக்கப் போறன்னா ஒன்கிட்டயே இருக்கட்டும்.”

“பிரேமாவ ஒரு வார்த்த கேளுங்க பாஸ்.”

“பிரேமா என்னா சொல்லப் போவுது? குடுக்கிறத செய்யிற பொண்ணு.”

பிரேமலா திரும்பி வந்து உட்கார்ந்தாள். மீ ரெபுஸ் என்ற கோப்பினை மூடினாள்.

அடுத்த இரண்டு நாளும் அவள் வேறு வேலை செய்வதுபோல் இருந்துகொண்டு, சாருமதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாருமதி நாலாயிரம் வரியையும் மேலிருந்து கீழாகப் படித்தாள். படிக்கும்போது பேசினாள், பாடினாள், காலைத் தூக்கி நாற்காலியில் மடித்து வைத்துக்கொண்டாள். அவளைச் சுற்றி எப்போதும் இரண்டு பேராவது நின்றார்கள். ஹனோயில் பேருந்துச் சக்கரம் கழன்று ஓடிய கதையைச் சொன்னாள். துருக்கியில் ஒரு கிழவர் தன் மகனுக்கு அவளைப் பெண் கேட்டதைச் சொன்னாள். தீபன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். இரண்டு வருடமாக அவனுக்கு வேலை கற்றுக் கொடுத்தது யார் என்று பிரேமலாவுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. இடையிடையே சாருமதி, “யாரு இத இவ்ளோ சுத்தமா மாத்தி வச்சது? நான் எழுதுனப்ப குப்பையா இருந்துச்சு” என்று சத்தமாகச் சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள். அதுதான் பிரேமலாவுக்குப் பொறுக்கவில்லை. தன் வேலையைத் தட்டிக் கொடுக்கும் உரிமைகூட அவளிடம்தான் இருக்கிறதா?

ஆறு வரியை அனுப்பினால் போதும். சாருமதியின் இரண்டு நாள் மிச்சமாகும். பிரேமலாவுக்கு அது தெரியும். சிங்கப்பூரில் காத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். ஒவ்வொரு முறை கை போகும்போதும் அந்த மேசை ஓரம் ஞாபகத்துக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் சாருமதி கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தாள். “புடிச்சிட்டேன் லா.”

தீபன் கைதட்டினான். ஜெயபாலன் எல்லாருக்கும் பிரியாணி வரவழைத்தார். பிரேமலா தன் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் சாப்பிட்டபடியே சாருமதி செய்த திருத்தத்தைத் திறந்து படித்தாள். இரண்டே வரி. முதல் பெயர் கிடைக்கவில்லையென்றால் அந்த இரண்டாம் பெயரை அப்படியே விட்டுவிட்டு மேலே போ என்று கருவிக்குச் சொல்லியிருந்தாள்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் பெரிது. கருவி இனி விழாது. அதோடு, அந்தப் பெயர் வழியாக நடக்கிற எதையும் பார்க்கவும் செய்யாது. இரண்டாம் பெயரைக் கழற்றாமலே நகலெடுத்ததால், புதிய பட்டியலின் கடைசிப் பெட்டியும் இதே பெட்டிதான். அந்தப் பெயரில் ஏதாவது எழுதினால் கடைசிக் கண்டெய்னரின் எடை மாறிவிடும். அதைப் பிடித்துச் சொல்ல வேண்டிய கருவி, எல்லாம் நலம் என்று சொல்லிவிட்டுப் போகும். விழுவதைவிட இது மோசம்.

அவள் எழுந்து போய்ச் சாருமதியிடம் சொல்லியிருக்கலாம். நான்கு எட்டுத் தூரம்தான். பதிலாக, கையைத் துடைத்துக்கொண்டு, மூடி வைத்திருந்த ஆறு வரியைத் திறந்து, கடைசியில் ‘இந்த இடத்தில் கருவி எச்சரிக்க வேண்டும்’ என்ற விதியைச் சேர்த்து, எல்லாருக்கும் பொதுவான சோதனைகளோடு சேர்த்துவிட்டாள். எந்தத் திருத்தத்தையும் ஏற்பதற்கு முன் அந்தச் சோதனைகள் தாமாக ஓடும். முடிவு சுவரில் மாட்டிய பெரிய திரையில் வரும்.

திரை சிவப்பானது, சோதனையில் திருத்தம் தேறவில்லை.

“என்னா இது, இப்பதான் பச்சையா இருந்துச்சு?” சாருமதி நாற்காலியோடு உருண்டு வந்தாள்.

தீபன் திரையை அண்ணாந்து படித்தான். “புது சாம்பிள். பிரேமாக்கா போட்டது. மீ ரெபுஸ்.” கொஞ்சம் நிறுத்தினான். “இன்னிக்கி பிரியாணில்ல சாப்புட்டோம்? மீ ரெபுஸ் வேன் செவ்வாக்கிழமதான வரும்?”

அவன் வேண்டுமென்று கேட்கவில்லை. கேட்ட பிறகுதான் அவனுக்கே புரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு கைகழுவப் போய்விட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டார்கள்.

சாருமதி அந்த ஆறு வரியைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். முகத்தில் சிரிப்பு இல்லாமல் அவள் வேறு ஆளாகத் தெரிந்தாள். களைத்துப்போன, கண்ணுக்குக் கீழே கறுத்த ஒருத்தி.

“நாலாயிரம் வரியோட செத்துக்கிட்டிருந்தேன் பிரேமா. நீ பார்த்துக்கிட்டுத்தான இருந்த?”

“பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“ஏன் குடுக்கல?”

“ஒன்னோட பகுதின்னு சொன்னாங்க. நீயே பாத்துக்கன்னு விட்டுட்டேன்.”

சாருமதி கோபப்பட்டுக் கத்துவாள் என்று எதிர்பார்த்து பிரேமலா அதற்கான பதில்களையும் தயாராக வைத்திருந்தாள். அவளோ நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “சரி, நான் போட்டது கண்ண மூடிக்குது. நீ என்னா பண்ணலாம்னு வச்சிருக்க?” என்றாள்.

அதற்குப் பிரேமலாவிடம் ஒரு யோசனை இருந்தது. முதல் பெயர் போய்விட்டால், அதே பெட்டிக்கு மிச்சமிருக்கும் வேறு பெயரைத் தேடிப் பிடித்து, அதை முதல் பெயராக்கிவிடுவது. செவ்வாய்க்கிழமையிலிருந்து மனதுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னாள். சாருமதி நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தப் பேரும் போயிட்டா?”

“அடுத்தத தேடணும்.”

“எத்தன வாட்டி லா தேடுவ? நான் மொதல்ல கட்டுனதே தப்பு. பேர நம்பிக் கட்டிட்டேன். பெட்டிக்கு ஒரு நம்பர் குடுத்துருவோம். எல்லாப் பேரும் நம்பரத்தான் காட்டணும். எந்தப் பேரு போனா நமக்கென்ன? கடைசிப் பேரு போறவரைக்கும் பெட்டி இருக்கும்.”

பிரேமலாவின் கை விசைப்பலகையில் நின்றுவிட்டது. அது சரி. அது அவ்வளவு சரியாக இருந்தது. இரண்டு வருடம் ஒவ்வொரு வரியாகத் துடைத்து வைத்திருந்தவள் அவள். எடுத்த எடுப்பில் அடித்தளத்தையே மாற்றலாம் என்று தோன்றியது சாருமதிக்கு. பிரேமலாவுக்கு நீலக் கோப்பையை எடுத்துச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. “சரி” என்று மட்டும் சொன்னாள்.

சாருமதி சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். எங்கெல்லாம் பழைய முறையை நம்பிய வரிகள் இருக்கின்றன என்று தேடாமலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது, பதினேழு இடம். சாருமதி அதைப் பார்த்து, “ஒன் மண்டைக்குள்ளயே எல்லாம் இருக்கா?” என்றாள். பிரேமலா அடுத்த இடத்துக்குப் போனாள். நாலரை மணிக்குத் திரை பச்சையானது. மீ ரெபுஸ் உட்பட. நாலாயிரம் வரிக் கோப்பைக் கருவி முழுதாகப் படித்து முடித்து, கடைசிக் கண்டெய்னரின் எடை மாறும் என்று எச்சரித்தது.

ஜெயபாலன் இருவரையும் அறைக்குள் அழைத்தார்.

“ரொம்ப நல்லது. சாரு, இப்ப சொல்லு. பகுதிய நீ எடுத்துக்கிறியா?”

“வேணாம் பாஸ். பிரேமாகிட்டயே குடுத்துருங்க. எனக்கு ஒரே எடத்துல உக்காந்து காப்பாத்துறதெல்லாம் வராது. புதுசா ஏதாச்சும் இருந்தா குடுங்க.”

தட்டில் மிச்சம் வைப்பதைப்போல அவள் அதைத் தள்ளி வைத்தாள். பிரேமலா வாரம் முழுக்க வயிற்றெரிச்சலோடு காவல் காத்தது அவளுக்கு வேண்டாத பொருள். இன்னொன்றும் பிரேமலாவுக்கு அந்த நொடியில் புரிந்தது. சாருமதி ஆறு வரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசப் போவதும் இல்லை. இனி ஆயுசு முழுக்க இவளுடைய பெருந்தன்மையின் நிழலில் உட்கார்ந்து அந்தப் பகுதியைப் பார்க்க வேண்டியதுதான். நல்லவள் என்ற பெயரும் இவளுக்கே போக வேண்டுமா?

“அவ குடுக்க வேணாம் பாஸ்” என்றாள் பிரேமலா. குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. “ரெண்டு வருசமா அது என்கிட்டதான் இருக்கு. அப்பறம், செவ்வாக்கிழமையே எனக்குத் தெரியும். ஆறு வரியில எடுத்து வச்சிருந்தேன். நான்தான் குடுக்கல.”

சாருமதி சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தாள். இத்தனை நாளில் முதல் முறையாக, அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிரேமலாவுக்கு அது கொஞ்சம் இனித்தது.

ஜெயபாலன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அந்த சதாசிவம் மூணு நாளா என் உயிர எடுத்தாரு. நீ வச்சுக்கிட்டு உக்காந்திருந்தியா?”

“ஆமா.”

“ஏன்னு கேக்க மாட்டேன். கேட்டா எனக்கும் சேத்து ஏதாச்சும் சொல்லுவ போல இருக்கு.” அவர் தொலைபேசியை அவள் பக்கம் தள்ளினார். “ஒன்னோடதுன்னா திட்டும் ஒன்னோடதுதான். நீயே கூப்புட்டு, ஏன் லேட்டுன்னு சொல்லு. இனிமே அங்கேருந்து எது வந்தாலும் ஒனக்குத்தான் வரும்.”

ஒன்னோடது. அவர் திட்டிக்கொண்டே சொன்னார் என்றாலும், சொல்லிவிட்டார். பிரேமலா எண்களை அழுத்தினாள். சாருமதி வெளியே போய்விட்டாள்.

சதாசிவம் கத்துகிற மனிதர் அல்ல. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். மூன்று நாளில் தன் ஆட்கள் எத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், தன் மேலதிகாரி தன்னை என்ன கேட்டார், இப்படியே போனால் அடுத்த வருடம் வேறு கருவியைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொன்னார். தாமதம் தன்னால்தான் என்று பிரேமலா இரண்டு முறை சொன்னாள். பிறகு கருவி கண்டுபிடித்த தப்பைச் சொன்னாள். மறுமுனையில் அவர் யாரிடமோ ஏதோ கேட்கும் சத்தம் வந்தது.

“அது மட்டும் வெளிய போயிருந்தா என் வேலையே போயிருக்கும்மா” என்றார் அவர் திரும்பி வந்து. “சரி, நடந்தது நடந்து போச்சு. நல்லபடியா புடிச்சீங்க.”

“நன்றி சார். இனிமே நேரா என்னையே கூப்புடுங்க.”

“கூப்புடுறேன். ஆமா, சாருமதி திரும்பி வந்துட்டாங்களாமே? கெட்டிக்காரப் பொண்ணு. நான் விசாரிச்சேன்னு கண்டிப்பா சொல்லுங்க.”

பிரேமலா தொலைபேசியை வைத்தாள். அறையை விட்டு வெளியே வந்தபோது சாருமதி பிரேமலாவின் மேசை ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

“என்னா சொன்னாரு?”

“திட்டுனாரு.”

“வேற?”

பிரேமலா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வெளியே வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினால்தான் நெரிசலுக்கு முன் நெடுஞ்சாலையைப் பிடிக்க முடியும்.

“வேற ஒண்ணும் சொல்லல” என்றாள்.